தேய்ந்த வில்லை

ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்ததும் லாய்ட் நேராக, கிட்டார் வாசித்துப் பேர் வாங்கிய டெல்பர்ட் ஹாக்ஸின் கல்லறைக்குப் போவார். மெம்ஃபிஸில் அவர் வயது ராக் அண்ட் ரோல் ரசிகர்கள் பூ வைப்பதில்லை. லாய்டும் கிட்டார் கம்பியை மீட்டும் புது பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வருவார்.

கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் ஒஸெல்லா வண்டியை நிறுத்திக் கேட்பாள். "இன்னிக்கும் நீ மட்டும்தானா, லாய்ட்?"

"இவன் வாசிப்பைத் திருடித்தான் ஊர்ல பாதிப் பேர் கிட்டார் வாசிக்கிறானுங்க. ஒரு பய எட்டிப் பார்க்கிறானா பாரு."

"நீயும் திருடினவன்தானே?"

"அதான் வர்றேன்."

போன வாரத்து வில்லையின் முனை தேய்ந்திருக்கும். கம்பி உரசிய கோடுகள் தெரியும். வாரம் முழுக்க வாசித்தால்தான் அப்படித் தேயும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் சொல்ல ஆளுமில்லை. தேய்ந்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்புவார்.

அக்டோபரில் நிமோனியா வந்து இரண்டு ஞாயிறு படுக்கையிலேயே போயிற்று. யாரும் வந்து விசாரிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு காலை செய்தித்தாளை எடுக்கக் கதவைத் திறந்தார். கடைசியாகக் கல்லறையில் வைத்த சிவப்பு வில்லை வாசற்படியில் இருந்தது. முனையே இல்லாமல், சட்டைப் பொத்தான் அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது.

லாய்ட் உள்ளே போய்ப் புதிது ஒன்றை எடுத்துவந்து படியில் வைத்தார். சுவரில் தொங்கிய தன் கிட்டாரை இறக்கித் தூசி தட்டி, வாசலுக்கு உட்புறமாகச் சாய்த்து வைத்தார்.

கதவைச் சாத்தவில்லை.