பத்தொன்பது வருஷத்துப் புட்டி

கடலில் குதித்து அந்த மாலுமியைக் காப்பாற்றியது நான்தான் என்கிற மாதிரி ஆபீஸ் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குதித்தது தேசப்பன், காசிமேட்டுக் கட்டுமரக்காரன். பிரெஞ்சுக் கப்பலிலிருந்து தவறி விழுந்த மாலுமியைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக் கட்டுமரத்தில் போட்டான். நான் கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. கேப்டன் இங்கிலீஷில் நன்றி சொன்னதை அவனுக்குத் தமிழில் சொன்னேன். அவ்வளவுதான் என் வீரம்.

கேப்டன் அவனுக்கு இரண்டு புட்டி சிவப்பு ஒயின் கொடுத்தார்.

"ஞாயித்துக்கெயம வூட்டாண்ட வந்துடுங்க சார். சேந்து குடிப்போம்" என்றான் தேசப்பன்.

இன்னொரு காரியமும் இருந்தது. அவன் தம்பி கருணாகரனுக்குக் கை முறிந்து கோணலாகச் சேர்ந்துவிட்டது. இனிமேல் வலை இழுக்க முடியாது. எங்கள் கிடங்கில் காவல்காரன் வேலை காலியாக இருந்தது. திங்கட்கிழமை எங்கள் ஆபீஸ் துரையிடம் ஒரு வார்த்தை சொல்வதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் போனேன். தேசப்பன் மனைவி அங்கம்மா பாய் விரித்து, மீன் வறுவல் கொண்டுவந்து வைத்தாள்.

"வஞ்சிரம் சார். காலீல கரைக்கு வந்தது. துன்னுங்க."

அவர்கள் இருவரும் வேறு சட்டியிலிருந்து போட்டுக்கொண்டார்கள்.

தேசப்பன் புட்டிகளை என் முன்னால் வைத்தான். "இன்னா எய்திக்கீது, படிச்சிச் சொல்லுங்க."

படித்தேன். ஒன்று 1946, போன வருஷத்து ஒயின். இன்னொன்று 1928! புட்டியைத் திருப்பி இன்னொரு தரம் படித்தேன்.

ஒயின் விஷயத்தில் நான் கரைகண்டவன். அதாவது, துரை வீட்டு விருந்துகளில் கையெழுத்து வாங்குவதற்காக வாசலில் நின்றுகொண்டே கேட்டவன். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. ஆனால் பழசுக்குத்தான் மதிப்பு என்று தெரியும். பழசில் புகையிலை வாசம், தோல் வாசம், மரப்பெட்டி வாசம் எல்லாம் வரும் என்று துரை கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நானும் வாசலில் கண்ணை மூடிக்கொள்வேன்.

"இது புதுசு. இது பத்தொன்பது வருஷத்துப் பழசு" என்றேன், முகத்தை அலட்சியமாக வைத்துக்கொண்டு. பழசுக்குத்தான் மதிப்பு என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர்கள் புதுசுக்கு ஆசைப்பட்டால் பழசு தானாக என் பக்கம் வந்துவிடும் அல்லவா?

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரிய தூண்டில் முள்ளைத் தக்கையில் ஏற்றித் தேசப்பன் இரண்டையும் திறந்தான். புதுசை என் தம்ளரில் வழிய வழிய ஊற்றினான். பழசை அவர்கள் இருவரும் எடுத்துக்கொண்டார்கள்!

கில்லாடிகள். நான் மறைத்த விஷயம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

என் தம்ளரில் இருந்தது நாவற்பழச் சாறு மாதிரி நாக்கை இழுத்துப் பிடித்தது.

"உங்களுது எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

தேசப்பன் மூஞ்சியைச் சுளித்தான். "கலீஜா கீது சார். பொயிலய ஊறப் போட்ட மாதிரி."

புகையிலை!

"செருப்புத் தோலு நாத்தம் அடிக்குது" என்றாள் அங்கம்மா.

தோல்!

"படகுல ஊறிப்போன பலக இல்ல, அந்த வாசன" என்றான் தேசப்பன்.

மரம்கூட வந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. மூஞ்சியைச் சுளித்துச் சுளித்தே இருவரும் மடக் மடக்கென்று குடித்தார்கள். நான் கேட்டுவிடக் கூடாதே என்று என்ன நடிப்பு!

"அதிலே கொஞ்சம் ஊத்து, ருசி பார்க்கிறேன்" என்று மானத்தை விட்டுக் கேட்டேன்.

"ஐயே, உங்களுக்கு வாணாம் சார்!" அங்கம்மா புட்டியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். என் தம்ளரில் இன்னும் கொஞ்சம் புதுசை ஊற்றினாள்.

எழுந்துவிட்டேன். வாசலில் கருணாகரன் நல்ல கையால் என் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி வேல விசயம் சார்... நாளிக்கி தொரையாண்ட..." என்று இழுத்தான் தேசப்பன்.

"பார்க்கலாம்" என்றேன்.

எங்கள் ஆபீஸ் பாஷையில் பார்க்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். நல்ல ஒயினை ஒளித்துக் குடிக்கத் தெரிந்தவனுக்குத் தம்பிக்கு வேலை தேடத் தெரியாதா?

அங்கம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. மீதி இருந்த புது ஒயினைத் தக்கை வைத்து அடைத்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"கோச்சிக்காதீங்க சார். மீன் விக்கிறவ நானு. வூட்டுக்கு வந்தவங்களுக்கு நேத்து மீனக்கூட வெச்சதில்ல. இன்னிக்கும் நேத்து மீனு எங்க தட்டுல, காலீல வந்தது உங்க தட்டுல. பத்தொம்பது வருசத்துப் பழசுன்னு நீங்களே படிச்சிச் சொல்லிட்டீங்க. அத்தப் போயி உங்களுக்கு எப்டி சார் ஊத்துவேன்?"

சைக்கிளை மறுபடியும் சுவரில் சாய்த்தேன்.

"அன்பா குடுத்தத கொட்டவும் மனசு வர்ல. அதான் மூக்கப் புடிச்சிக்கினு நாங்களே குடிச்சிட்டோம். இது புச்சு சார், வூட்டுக்கு எடுத்துனு போங்க."

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. புட்டியை வாங்கிக்கொண்டேன்.

"கருணாகரா, நாளைக்குக் காலையிலே என்னோடவே வந்துடு. துரை எதிரே நானே கொண்டுபோய் நிறுத்தறேன்."

தேசப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். மறு கை வயிற்றைத் தடவிக்கொண்டிருந்ததால் அது பாதிக் கும்பிடாகத்தான் வந்தது.

"வவுத்த இன்னா பண்ணாலும் எங்களயே பண்ணட்டும் சார்" என்றாள் அங்கம்மா. "உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."