செவ்வாய்க்கிழமைத் தப்பு

"அந்த ஐல்சாவை இன்னைக்கே குழுவை விட்டுத் தூக்கணும். இல்லேன்னா நான் போயிடறேன்."

மர்டோக் போட்ட சத்தத்தில் லோர்னா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

ஆகஸ்டில் குளிர்காலம் வரும் தென்கோளத்து ஊரான ஓமருவின் தோட்டக்காரர்களுடைய மின்னஞ்சல் குழு அது. 1998இல் அங்கே மோடம் வைத்திருந்தவர்களே கொஞ்சம். லோர்னா அந்த ஊருக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான். கம்ப்யூட்டர் தெரியும் என்று வாய்தவறிச் சொன்னதற்கு, குழுவைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது.

"என்ன ஆச்சு சார்?"

"காலையில அவ எழுதினதைப் பாக்கலியா? முட்டைகோஸ் இலையை எல்லாம் தேனீ தின்னுடுதாம். மருந்தடிக்கலாமான்னு கேக்கறா. தேனீ இலை தின்னுமாம்மா? அதுவும் இந்த ஆகஸ்ட் குளிர்ல?"

"நீங்கதான் ஆறு மணிக்கே திருத்தி எழுதிட்டீங்களே."

"எத்தனை நாள் திருத்தறது? போன வாரம், முளைச்ச காரட்டைப் பிடுங்கி வேற இடத்துல நடணும்னு எழுதறா. பேசாம ஸ்வெட்டர் பின்னச் சொல்லு அவளை."

சட்டென்று வைத்துவிட்டார்.

சரியான சிடுமூஞ்சி என்று லோர்னா நினைத்தாள். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. லோர்னாவுக்கும் பிழை என்றால் ஆகாது. பால்காரனுக்கு எழுதிவைக்கும் துண்டுச் சீட்டைக்கூட இரண்டு முறை படித்துப் பார்ப்பவள் அவள்.

ஒருவரை மின்னஞ்சலில் விலக்குவது மரியாதையாகப் படவில்லை. ஐல்சாவுக்குப் போன் செய்தாள். எங்கேஜ்டு. அரை மணி கழித்தும் எங்கேஜ்டு. அதே லைனில் இன்டர்நெட்டில் இருக்கிறாள் போலிருக்கிறது. கோட்டை மாட்டிக்கொண்டு நேரிலேயே கிளம்பினாள்.

"பின்பக்கமா வாம்மா, திறந்துதான் இருக்கு," என்று ஐல்சாவின் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

தோட்டத்தைக் கடக்கும்போது லோர்னாவின் நடை தயங்கியது. கோடு போட்டது போல் காரட் வரிசைகள். உறைபனியிலும் கட்டுக்கட்டென்று முட்டைகோஸ். வேலியோரம் மரப்பெட்டிகள்.

பின்கட்டு அறையில், போர்வையைப் போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள் ஐல்சா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"வெளியில இருக்கிறது... தேன்பெட்டிங்களா?"

"ஆமா. இருபது வருஷமா வளர்க்கறேன்."

"அப்புறம் ஏன் தேனீ இலை தின்னுதுன்னு எழுதினீங்க?"

ஐல்சா வாய்விட்டுச் சிரித்தாள். "கொஞ்சம் ஓவராத்தான் போயிட்டேன், இல்ல? மர்டோக் குதிச்சிருப்பாரே?"

"குதிச்சார். உங்களைத் தூக்கச் சொல்றார்."

ஐல்சா சிரிப்பை நிறுத்தினாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"போன வருஷம் அவர் பொண்டாட்டி யூனா செத்துப்போச்சு. மனுஷன் கதவைச் சாத்திக்கிட்டார். போன் எடுக்கலே. வாசல்ல வெச்ச சாப்பாட்டைத் தொடலே. அப்ப நம்ம ட்ரெவர், வெங்காயத்தை ஆழமாப் புதைக்கணும்னு தெரியாத்தனமா ஒண்ணு குழுவுல எழுதினான். மறுநாள் காலையில மர்டோக் எழுதறார், 'தவறு'ன்னு. மூணு வாரத்துல அவர் பேசின முதல் வார்த்தை அது. நாங்க சந்தோஷத்துல ஆடித் தீர்த்துட்டோம்."

"அதனால?"

"அதனால அன்னையிலேருந்து முறை வெச்சுத் தப்பு பண்றோம். செவ்வாய்க்கிழமை என் முறை. அவர் ஆறு மணிக்கு வந்துடுவார், அதுக்குள்ள எழுதிடணும். ஒன்பது மணி வரைக்கும் திருத்தம் வரலேன்னா யாராவது போய்க் கதவைத் தட்டிடுவோம். மே மாசம் அப்படித் தட்டினதுலதான் ஆள் பிழைச்சார். நிமோனியா. நினைவில்லாமக் கிடந்தார்."

லோர்னா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னைத் தூக்கிடு," என்றாள் ஐல்சா. "அவர் ஜெயிக்கட்டும். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்னா அவ்வளவுதான். ஆனா செவ்வாய்க்கிழமைக்கு ஒரு ஆள் வேணும்."

லோர்னாவையே பார்த்தாள்.

"நானா? எனக்குத் தப்பாவெல்லாம் எழுத வராதுங்க."

"எங்களுக்கு மட்டும் வந்துச்சாக்கும்? பழகினா வரும்."

அடுத்த செவ்வாய், விடிவதற்கு முன்பே லோர்னா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான்கு முறை எழுதி அழித்தாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்:

'உருளைக்கிழங்கு செடியின் நுனியில்தானே காய்க்கும்? பூ வந்து எத்தனை நாளில் பறிக்கலாம்? சீக்கிரம் காய்க்க மருந்து ஏதும் உண்டா?'

ஊரே படிக்கும். காது மடல் சுட்டது.

ஆறு மணிக்கு வந்தது மர்டோக்கின் பதில். 'தவறு' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். ஒரு வரியில் அவளைப் பள்ளிக்கூடம் போகச் சொல்லும் யோசனையும் இருந்தது.

லோர்னா இன்டர்நெட்டைத் துண்டித்ததும் தொலைபேசி அடித்தது.

"ஐல்சாவைத் தூக்கிட்டியாம்மா?" மர்டோக்தான். குரலில் சத்தமே இல்லை.

"தூக்கிட்டேன் சார்."

"நல்லது. குளிர் போற வரைக்கும் சேர்க்காதே. அந்தப் பின்கட்டுல ஹீட்டர் கிடையாது. அஞ்சு மணிக்கு எழுந்து உக்காந்து எனக்காகத் தப்பு எழுதறா. ஏற்கெனவே நெஞ்சுச் சளி அவளுக்கு. வேற எப்படித்தான் தூங்க வைக்கிறது, சொல்லு?"

லோர்னா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்ப... உங்களுக்குத் தெரியுமா?"

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கும் யூனாவுக்கும் தேன் கொடுத்தவம்மா அவ."

"சார், நான்..."

"நீ ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே. பாவம், இப்பத்தான் எல்லாரும் கொஞ்சம் நல்லாத் தப்பு பண்ணவே கத்துக்கிட்டிருக்காங்க."