அவர் சொல்லாத இடம்

"லிஃப்ட் வந்து நிக்காம அந்தக் கதவு திறக்கவே திறக்காது சார். சான்ஸே இல்லை" என்றார் மெக்கானிக், காவல் நிலைய பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

"அப்ப செயலாளர் எப்படிய்யா குழிக்குள்ள போனார்? காத்துல கரைஞ்சா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் முந்தின நாள் மாலை லிஃப்ட் குழியில் பிணமாகக் கிடந்தார். யாரோ பின்மண்டையில் அடித்து, நாலாவது மாடிக் கதவைத் திறந்து உள்ளே தள்ளியிருந்தார்கள். அப்போது லிஃப்ட் மேல்மாடியில் நின்றிருந்தது.

"இங்க பாருங்க சார்." மெக்கானிக்கின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு உள்ளங்கைகளையும் கதவு போல நிறுத்தினார். "இது வெளிக்கதவு. இதுக்குத் தானா திறக்கத் தெரியாது. லிஃப்ட்டோட கதவுல ஒரு கொக்கி இருக்கு. லிஃப்ட் வந்து நின்னதும் அதுதான் இந்தப் பூட்டைத் தள்ளிவிடும். லிஃப்ட் இல்லாதப்ப திறக்கணும்னா, கதவுல சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். அதுல முக்கோணச் சாவியைப் போட்டுத் திருப்பணும்."

"அந்தச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"எங்க கம்பெனி மெக்கானிக்குங்ககிட்ட மட்டும்தான்."

"அந்தக் கட்டடம் யார் பொறுப்பு?"

"என் பொறுப்பு சார்." பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுதான். எவ்வளவு சின்ன சாமான், எவ்வளவு பெரிய வேலை பாருங்க!"

பக்கத்தில் இருந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா! நீங்களே கழுத்தை நீட்டிக் கொடுக்கறீங்களே!"

"கேட்டாரேம்மா. கேட்டா விளக்கமாச் சொல்ல வேண்டாமா?"

சப்-இன்ஸ்பெக்டர் சந்தோஷமாக நாற்காலியை முன்னால் இழுத்தார். "முன்னாடி குடிச்சிட்டு வேலைக்கு வந்தே. செயலாளர் புகார் கொடுத்து உன் வேலை போச்சு. 'உன்னை இந்தக் குழியிலேயே தள்றேன் பாரு'ன்னு வாசல்ல நின்னு கத்தினியா இல்லையா?"

"கத்தினேன் சார். தெருவுக்கே கேட்டுது. ஆனா குடியை விட்டாச்சு. திரும்ப அதே வேலையில சேர்ந்தாச்சு. முதல் வேலையா அவர்கிட்ட போய் மன்னிப்பும் கேட்டாச்சு."

"கதை நல்லாயிருக்கு. நேத்து சாயங்காலம் எங்கே இருந்தே?"

அதுவரை மடை திறந்ததுபோலப் பேசியவர் வாயை மூடிக்கொண்டார். "அதை மட்டும் சொல்ல முடியாது சார்."

மகள் சட்டென்று திரும்பினாள். அம்மா போன பிறகு பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். அப்பா குடியை விட்டார் என்று நம்பி, போன மாதம்தான் பெட்டியோடு அவரிடம் திரும்பி வந்திருந்தாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா அப்பா? பாருக்குத்தானே போனீங்க?"

"இல்லம்மா."

"அப்ப எங்கே?"

"குடிக்கலை. அதுக்கு மேல கேக்காதே."

"இந்தக் 'குடிக்கலை'யைக் கேட்டுக் கேட்டுத்தான் அம்மா காது புளிச்சுப் போச்சு. எங்கே போனீங்கன்னு சொல்லலைன்னா, நான் இப்படியே பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்."

மெக்கானிக்கின் கண்கள் கலங்கின. ஆனால் முதுகு வளையவில்லை.

"வசமா மாட்டினே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "எங்க இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குக் குடிகாரன்னாலே ஆகாது. வாசனை வந்தாப் போதும், எங்க ஆளுங்களையே வெளியே நிறுத்திடுவார்."

மூலை மேஜையில் இருந்த இன்ஸ்பெக்டர் அதுவரை வாயே திறக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி இன்னொரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அங்கே உங்களைப் பார்த்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க சார்."

"ஒருத்தர் பேரைச் சொன்னாப் போதுமே. ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். பார்த்தவங்களா சொன்னாத்தான் உண்டு."

"யாரும் சொல்லலைன்னா?"

"சொல்லுவாங்க சார்." குரலில் துளிகூடத் தயக்கம் இல்லை. "எனக்கு நம்பிக்கை இருக்கு."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தே விட்டார். "தெம்பைப் பாரு! மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருக்கான். எழுந்திருய்யா. உள்ளே போட்டா எல்லாம் தானா வெளியே வரும்."

மெக்கானிக் எழுந்தார். மகளும் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பத்திரமாப் போம்மா" என்றார் அவர்.

"நில்லும்மா." இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

"உங்கப்பா பாருக்குப் போகலை. பழைய நூலகத்து மாடியில, குடியை விட்டவங்க வாராவாரம் கூடுவாங்க. வட்டமா உக்காந்து, ஒவ்வொருத்தரா எழுந்து தன் கதையைச் சொல்லுவாங்க. அங்கே யாரைப் பார்த்தோம்னு வெளியில மூச்சு விடக் கூடாது. இடத்தைச் சொன்னாலே போலீஸ் போய் எல்லாரையும் கிளறும். அதனாலதான் அதையும் சொல்லாம இருக்கார். நேத்து சாயங்காலம் பூரா இவர் அங்கேதான் இருந்தார்." பிறகு சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "இந்தக் கம்பெனியில சாவி வெச்சிருக்கிற மத்த ஆளுங்களைப் போய் விசாரிங்கய்யா."

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஐயா, அங்கே நடக்கிறது வெளியிலே வராதுங்கறீங்க. அப்புறம் உங்களுக்கு மட்டும் யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை" என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்து இவர் பேசி முடிச்சதும், அடுத்த நாற்காலியிலேருந்து எழுந்து 'நானும் குடிகாரன்தான்'னு சொன்னது நான்தான்யா."