செய்தி சொன்னவர்

1982இல் உம்மா படுத்த படுக்கையானாள். தன் வாப்பா நைனா முகம்மது ராவுத்தருக்குப் பக்கத்தில் தன்னை அடக்கம் செய்ய வேண்டும் என்றாள். அவர் இங்கேதான் அடக்கமானார் என்பதற்கு ஆதாரம் கேட்டது எங்கள் பள்ளிவாசல் கமிட்டி.

அப்படி ஒரு பெயரே இல்லை என்று எழுத்தர் மொய்து மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காம் முறை, இறந்தவர்களை எழுதிவைக்கும் மய்யித்துப் பதிவேட்டைப் பிடுங்கி நானே புரட்டினேன். 1931இல் 'நயினா மம்மது ராவுத்தன்'. 1908இல் அவருடைய வாப்பா, 'மீரா றாவுத்தர்'. ஒரே குடும்பத்தை எழுதத் தெரியாமல் வேறு வேறு குடும்பமாக்கி வைத்திருந்தார்கள்.

இடம் கேட்டு எழுதிய மனுவில் சுல்ஃபத் என்று கையெழுத்திட்டு நீட்டினேன். மொய்து வாங்கவில்லை.

"பெண்ணுங்க ஒப்பு இங்கே எடுக்க மாட்டாங்க, ராத்தா. ஆம்பளை யாராவது வரட்டும்."

"வாப்பாவும் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை. எங்கே போய்க் கூட்டிட்டு வர?"

"சட்டம் அப்படி. இதுவரைக்கும் ஒரு பெண்ணும் இதிலே ஒப்பு போட்டதில்லை."

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன். இரண்டு பதிவுகளிலும், 'செய்தி சொன்னவர்' என்ற கட்டத்தில், சுல்ஃபத் என்ற கையெழுத்து. கடைசி எழுத்தை மேலே இழுத்து, அடியில் இரண்டு கோடுகள். மை காயாத என் மனுவைப் பக்கத்தில் வைத்தேன். அதே இழுப்பு, அதே கோடுகள். நான் பிறந்தது 1940இல்.

மொய்து மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு தடவை என் ஒப்பு எடுத்திருக்கீங்க," என்றேன். "இப்போ மட்டும் என்ன வந்தது?"