ஜமீன்தாருக்கு ஒரு வீடு

“இதுக்கு முன்னாடி எதையாவது வளர்த்த அனுபவம் இருக்கா, சார்?”

“ரெண்டு பொண்ணுங்களை வளர்த்திருக்கேன், மேடம்.”

“பிராணியைக் கேக்கறேன்.”

“கடிக்கலையே தவிர, மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான்.”

விலங்குகள் காப்பகத்தின் செயலாளர் சிரிக்கவில்லை. ‘அனுபவம் இல்லை’ என்று படிவத்தில் எழுதினார். பக்கத்து நாற்காலியில் தடுப்பூசி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த கால்நடை மருத்துவர் மட்டும் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த சர்வேயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இந்த வரிசையில் வந்து நிற்பது மூன்றாவது முறை. முதல் தடவை, வாசற்கதவின் புகைப்படம் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை, ‘எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கடிதத்தில் தேதி இல்லை. பெண் கேட்டுப் போன காலத்தில்கூட அவரை யாரும் இப்படிக் குடைந்ததில்லை.

அதுவும் எதற்காக? ஒரு கிழட்டு நாய்க்காக. ஒன்பது வயது. ஒரு காது கிழிசல். தட்டைக் காலடியில் கொண்டுவந்து வைத்தால்தான் சாப்பிடும் என்பதால் அதற்கு இங்கே ‘ஜமீன்தார்’ என்று பெயர். போன மாதம் கம்பிக்கு வெளியே நின்ற சர்வேயரின் உள்ளங்கையில் அது முகவாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அன்று வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தபோது, அந்த மூன்று அறைகளும் அவருக்கு முப்பது அறைகளாகத் தெரிந்தன.

“சுற்றுச்சுவர் எத்தனை அடி?”

“அஞ்சடி நாலு அங்குலம்.”

“அளந்தீங்களா, குத்துமதிப்பா சொல்றீங்களா?”

“முப்பத்திரண்டு வருஷம் ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவன் மேடம் நான்! சந்தேகமா இருந்தா நீங்களே ஒரு நாள் வெளிச்சத்துல வந்து பாருங்களேன். புண்ணியமாப் போகும்.”

மருத்துவருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“கோவப்படாதீங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். வீட்டுல எத்தனை பேர்?”

“பொண்ணுங்க கல்யாணமாகிப் போயாச்சு. இப்ப நானும் என் மனைவியும்தான்.”

“அவங்களுக்கு நாய்ன்னா பிடிக்குமா?”

“உசிரு. எனக்கு அடுத்த ஜென்மத்துல வால் முளைச்சாத்தான் அந்த மரியாதை கிடைக்கும்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, சார்.”

“பிடிக்கும்.”

செயலாளர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். “வீட்டுல இருக்கற பெரியவங்க எல்லாருமே சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்து, நாயோட ரெண்டு மணி நேரமாவது இருக்கணும். அதுக்குச் சம்மதம்னு ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போடணும். உங்களோடது இருக்கு. இன்னொண்ணு எங்கே?”

“நான்தான் நாள் பூரா வீட்டுல கிடக்கேனே. போதாதா?”

“போதாது. ஒருத்தர் எப்பவும் இருந்து, இன்னொருத்தர் எப்ப வருவாங்கன்னே தெரியாத வீட்டுல நாய் வாசலைப் பார்த்தே ஏங்கிப்போயிடும். அப்புறம் சாப்பிடாது. இங்க எத்தனையோ பார்த்தாச்சு.”

“நாய்தான் ஏங்குமா, மேடம்?”

செயலாளரின் பேனா நின்றது.

“நான் கண் முழிக்கறதுக்குள்ள கிளம்பிடறாங்க. கண் அசந்தப்புறம் வர்றாங்க. ஞாயித்துக்கிழமைன்னா அன்னிக்கும் ஒரு அவசரம். நானும் எட்டு மாசமா தட்டைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். கையெழுத்து வாங்க ஆள் அகப்பட வேண்டாமா?”

“கையெழுத்து இல்லாம நான் எதுவும் பண்ண முடியாது.” செயலாளரின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“தள்ளுபடின்னு எழுதிடுங்க. வீண் அலைச்சல்.” சர்வேயர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஜமீன்தாரும் எழுந்தது. நாய்க்கு என்ன தெரியும்? கிளம்புகிறோம் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. வாலை ஆட்டியது.

மருத்துவர் அட்டைகளிலிருந்து தலை நிமிரவில்லை. “மேடம், இதோட ஜமீன்தாரைக் கேட்டு வந்தவங்க பன்னிரண்டு பேர். பதினோரு பேரை இதே பக்கத்துலதான் திருப்பி அனுப்பினோம். அடுத்தவர் வர்றதுக்குள்ள அது இருக்குமோ, இருக்காதோ.”

வெளியே வரிசையில் யாரோ அலுத்துக்கொண்டார்கள். செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சர்வேயரை, படிவத்தைப் படிப்பதுபோல், மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார்.

“உக்காருங்க,” என்றார்.

பிறகு படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, ‘விண்ணப்பதாரரின் மனைவி’ என்று அச்சிட்டிருந்த கோட்டின் மேல் தன் கையெழுத்தைப் போட்டார். “ஆறு மணிக்குள்ள வந்துடறேன்,” என்றார்.