பயப்படாத பத்துப் பேர்

“போட்ட பணம் பாதியாயிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க ஆன்ட்டி?”

“சும்மா இருப்பேன்” என்று சொல்லி, பிஸ்கட் தட்டைத் தாரணி பக்கம் நகர்த்தினார் ஹில்டா.

டேப்லெட்டில் தாரணி கடைசிக் கட்டத்தைத் தொட்டாள். துணிச்சலுக்கு மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பத்தாவது ஆளும் கிடைத்துவிட்டார்.

பல்கலைக்கழகமும் பெங்களூரு முதலீட்டு நிறுவனம் ஒன்றும் கைகோத்து நடத்தும் ஆய்வு அது. பங்குச் சந்தை சரிந்தபோது மைசூரில் ஆளாளுக்கு அலறியடித்துப் பணத்தை எடுத்தார்கள். எடுக்காமல் அசையாதிருந்தவர்களைத் தேடிப் பிடித்து, அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தாரணி சொல்ல வேண்டும். தெரிந்தால் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது நிறுவனத்தின் எண்ணம்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று நிறுவனத்து அதிகாரி கிரண் காலையில்தான் போனில் சொன்னான். அவள் பிடித்த வீரர்களுக்கெல்லாம் சிலை வைத்துவிடலாமா என்று கேலி வேறு. உதவித்தொகை நின்றால் அவள் பிஎச்டியும் அதோடு சரி.

ஆட்களைப் பிடிப்பதில் சிரமமே இருக்கவில்லை. ஒருவர் அடுத்தவரின் நம்பரைக் கொடுத்தார். நஞ்சன்கூட்டு ஆலைத் தொழிலாளி சுப்பையா பூ விற்கும் சித்தம்மாவைச் சொன்னார். சித்தம்மா ஒரு கணக்கு வாத்தியாரை. அவர் இந்த நர்ஸ் ஹில்டாவை. ஆனால் படிப்பு, வருமானம், மதம், குடியிருக்கும் பேட்டை என்று எதை வைத்துப் பார்த்தாலும் இவர்கள் ஒட்டவில்லை. இவர்களுக்குப் பொதுவான அந்த ஒன்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் அகப்படவில்லை.

தாரணி டேப்லெட்டை மூடினாள். பத்துப் பேருக்கும் ஒரே ஏஜென்ட்டா, யாராவது வகுப்பு எடுத்தார்களா, சேர்ந்து தியானம் ஏதும் செய்கிறார்களா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். ஹில்டா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார்.

“தைரியமெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. போனா போகட்டும்னு இருக்கோம், அஷ்டே, அவ்வளவுதான்.”

“அப்படி எப்படி ஆன்ட்டி இருக்க முடியுது? அதைச் சொல்லிட்டீங்கன்னா நான் பொழைச்சுக்குவேன். ஊருக்கே சொல்லித் தருவோம்.”

ஹில்டா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வயது என்ன என்று கேட்டார். இருபத்தாறு என்றாள் தாரணி.

“வேணாம் கண்ணு. யாருக்கும் சொல்லித் தராதே.”

தாரணிக்குப் புரியவில்லை. ஹில்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“திரும்பி வராத ஒரு டூர் பஸ்ல பிள்ளைங்கள ஏத்தி விட்டவங்கம்மா, நாங்க பத்துப் பேரும்.”