நாடா வைத்த தொப்பி

“போன வருஷத்துப் பாக்கி எழுபது நிக்குது. அதை எடுத்து வெச்சுட்டு அப்புறம் தொப்பியைத் தொடும்மா” என்றார் தொப்பிக்கடைக்காரர்.

அவளுக்குச் சுருக்கென்றது. “அந்தத் தொப்பியைத்தான் மறுநாளே குரங்கு பிடுங்கிட்டுப் போச்சே! பாக்கியை அதுகிட்ட கேளுங்க.”

சஃபாரி வருகிறவர்களுக்குக் காட்டுக்குள் சமைத்துப் போடுவது அவள் வேலை. போன வருஷம் தொப்பி போன கையோடு வெயிலில் சுருண்டு விழுந்தாள், வேலையும் போனது. கெஞ்சிக் கூத்தாடி இப்போதுதான் மறுபடி சேர்ந்திருக்கிறாள். இன்னொரு தடவை விழுந்தால் அவ்வளவுதான்.

வாசலில் திறந்த ஜீப்பிலிருந்து முதலாளி ஹாரன் அடித்தார்.

“சீக்கிரம் காட்டுங்க. விளிம்பு அகலமா இருக்கணும். வர்றவங்க படம் பிடிக்கிறாங்க, பார்க்கவும் எடுப்பா இருக்கணும். முக்கியமா, தாடையில கட்ட நாடா வேணும்.”

“நாடாவா? கழுத்தை அறுக்கும்மா. மாடு கட்டுற மாதிரி இருக்கும். இதைப் போட்டுப் பாரு, ராணி கணக்கா இருப்பே.”

“போன வருஷமும் என்னை ராணியாத்தான் அனுப்பி வெச்சீங்க.”

அடுக்கில் இருந்த ஒன்றில்கூட நாடா இல்லை. காட்டு வாசலில் கடை போட்டுக்கொண்டு, நாடா என்றாலே ஏன் இந்த மனுஷன் முகம் சுளிக்கிறார்? அவர் கண் வேறு அடிக்கடி கூரைக்குப் போய்வந்தது.

ஒரு தொப்பியை மோந்து பார்த்தாள். “புதுசுங்கறீங்க, வேர்வை நாத்தம் அடிக்குது?”

“நாலு பேர் போட்டுப் பார்க்கிறதுதானே! அடியில கையை விடாதேம்மா, கலைஞ்சிடும்.”

விடாதே என்றதும் விட்டாள். அடியிலிருந்து வந்த தொப்பியைப் புரட்டினாள். உள்மடிப்பில் பச்சை நூலில் ஒரு பெருக்கல் குறி. கூட வேலை செய்கிறவர்கள் மாற்றி எடுத்துவிடக் கூடாதென்று, போன வருஷம் வாங்கிய அன்றே அவள் போட்ட தையல்.

“இது எப்படி இங்க...?”

“ஐயோ, என் தொப்பி!” வெளியே முதலாளி அலறினார்.

கூரை தடதடத்தது. முதலாளியின் தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு, குரங்கு கடைக்காரரிடம் கையை நீட்டியது. அவர் கை தன்பாட்டுக்குக் கடலை டப்பாவைத் திறந்தது.

அவள் தன் தொப்பியைத் தலையில் வைத்து, சமையல் ஏப்ரனிலிருந்து உருவிய நாடாவைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள்.

“அந்த எழுபது...” என்றார் கடைக்காரர். “அது கிடக்கட்டும் தாயே.”